யாரிடமிருந்து வாங்கிய பணம்?

தொப்பூர் கணவாயில் ஏறும்போது கார் நின்றுவிடவில்லை. நின்றிருந்தால்கூட நல்லது. எஞ்சின் அலறுகிறது, வண்டி நகர மறுக்கிறது. ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சத்தம்தான் கூடுகிறது. பின்னால் வந்த லாரியின் முகம் கண்ணாடியில் பெரிதாகிக்கொண்டே வந்தது. பக்கத்து இருக்கையில் அம்மா தர்மபுரியில் இருக்கும் சித்திக்காகக் கட்டி எடுத்து வந்த முறுக்கு டப்பாவை இறுக்கிப் பிடித்தபடி, “என்னடி, ஏதோ கருகற வாசம் வருது” என்றார். எப்படியோ ஓரம் கட்டினேன். கை நடுக்கம் நின்ற பிறகு முதலில் தோன்றிய நினைப்பு இதுதான்: நான் ஏதோ தப்பாக ஓட்டியிருக்கிறேன்.

நான்கு மாதங்களுக்கு முன்புதான் அந்த வண்டிக்குக் கிளட்ச் செட் முழுவதும் மாற்றப்பட்டிருந்தது. அதாவது மாற்றியதாகச் சொல்லிப் பணம் வாங்கப்பட்டிருந்தது. கிளட்ச் செட் 7,800, லேபர் 4,000, எஞ்சின் மவுண்ட், கியர் ஆயில் எல்லாம் சேர்த்து 2,700. ஆக 14,500 ரூபாய். இளஞ்சிவப்புத் தாளில் பென்சிலால் எழுதிக் காட்டிவிட்டு அந்தத் தாளையும் அவரே வைத்துக்கொண்டார். நான் ஜிபேயில் அனுப்பினேன். சுயநிதிப் பிரிவில் பாடம் எடுக்கிற எனக்கு அது ஒரு மாத உழைப்பின் பெரும்பகுதி. ஆனால் தொகை பெரிதா சிறிதா என்பது இந்தக் கட்டுரையின் கேள்வி இல்லை. அந்தத் தொகையைத் திரும்பக் கேட்கப் போனபோது, அதை யாரிடம், யார் குரலில், எந்த உரிமையில் கேட்கிறேன் என்று ஒவ்வொரு படியிலும் யோசிக்க வேண்டியிருந்தது. அந்த யோசனையைத்தான் எழுதுகிறேன்.

முதல் படி, நான் ஏமாற்றப்பட்டேன் என்று நானே நம்புவது. இதற்கே ஒரு வாரம் ஆனது. வண்டியைச் சேலத்துக்கு இழுத்து வந்து வேறொரு மெக்கானிக்கிடம் விட்டேன். அறுபது வயதிருக்கும். கியர்பாக்ஸை இறக்கி, கிளட்ச் பிளேட்டைக் கழற்றி என் கையில் கொடுத்தார். தட்டின் மேல் ஒட்டியிருக்க வேண்டிய உராய்வுப் பட்டை ரிவெட் வரைக்கும் தேய்ந்திருந்தது. “இது நாலு மாசத்துப் பிளேட் இல்லீங்க. வண்டி வாங்கினப்ப வந்ததாட்டம் இருக்குது” என்றார். கியர்பாக்ஸ் போல்ட்டுகளைக் காட்டினார். வருடக்கணக்கான மண்ணும் எண்ணெயும் கெட்டியாகப் படிந்திருந்தன, ஸ்பானர் பட்ட தடமே இல்லை. எஞ்சின் மவுண்ட் மட்டும் புதிது. அதையும் அவரே சொன்னார், நான் கேட்காமல்.

பிளேட்டை ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு பழைய ஷெட்டுக்குப் போனேன். அவர் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. “மேடம், நீங்க ஹாஃப் கிளட்ச்லயே ஓட்டுவீங்க. லேடீஸ் எல்லாரும் அப்படித்தான், கால எடுக்கவே மாட்டாங்க. அப்புறம் பிளேட் எப்படி நிக்கும்?” என்றார். சுற்றி இருந்த மூன்று பையன்களும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு உறைத்தது. சிரிக்கிற அளவுக்குப் புதிய செய்தி இல்லை அது, ஊரறிந்த உண்மை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தக் குற்றச்சாட்டு முழுப் பொய்யும் இல்லை. கிளட்ச் பெடல் மேல் காலை வைத்தபடியே ஓட்டினால் பிளேட் சீக்கிரம் தேயும், அது இயந்திரத்தின் நியதி. ஆகவே இரண்டு நாட்கள் வேறு வண்டியில் என் இடது காலை நானே வேவு பார்த்தேன். வைத்திருக்கிறேனா? எடுத்துவிட்டேனா? போல்ட்டில் படிந்த மண்ணைக் கண்ணால் பார்த்த பிறகும், கையில் பிளேட் இருந்த பிறகும், என் காலைச் சந்தேகித்தேன். மிராண்டா ஃபிரிக்கர் என்ற தத்துவவாதி 2007இல் எழுதிய நூலில், ஒருவரின் சொல்லை அவர் யார் என்பதற்காகவே குறைத்து மதிப்பிடுவதை ஒருவகை அநீதியாக விவரிக்கிறார். வகுப்பில் அதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அப்போதெல்லாம் அடுத்தவர் என் சொல்லைக் குறைத்து மதிப்பிடுவதைத்தான் நினைத்துக்கொண்டேன். அடுத்தவருக்கு முன்பே என் சொல்லை நானே குறைத்து வைத்துக் காத்திருப்பேன் என்று தெரிந்திருக்கவில்லை.

முதல்முறை வண்டியை விடப் போனபோது, “சார் வரலீங்களா?” என்று கேட்டிருந்தார். மறுநாள் என் கணவரை அழைத்துப் போனேன். அவருக்குக் கார் ஓட்டவே தெரியாது. கற்றுக்கொள்ளும் விருப்பமும் கிடையாது, பேருந்து நிறுத்தம் பக்கத்தில் இருந்தால் போதும் அவருக்கு. ஆனாலும் கிளட்ச், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் எல்லாம் அவர் முகத்தைப் பார்த்துத்தான் விளக்கப்பட்டன. அவரும் பெரிய மனிதர்போலத் தலையாட்டினார். வீட்டுக்கு வந்து, “அவரு சொன்னது உனக்குப் புரிஞ்சுதா?” என்று என்னைக் கேட்டார். இன்றும் இதைச் சொல்லிச் சிரிப்போம். ஆனால் அந்தச் சிரிப்புக்கான செலவு என் கணக்கில்தான் இருக்கிறது.

கார் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொண்டு போயிருக்க வேண்டும் என்று தோழிகள் சொன்னார்கள். அதற்கு ஆதாரமும் உண்டு. அமெரிக்காவில் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழுது நீக்கும் கடைகளுக்கு ஆண்களையும் பெண்களையும் தொலைபேசியில் பேசவைத்து, டொயோட்டா காம்ரி காரின் ரேடியேட்டரை மாற்ற என்ன ஆகும் என்று கேட்கச் செய்தார்கள். விலை பற்றி எதுவும் தெரியாது என்று சொன்னபோது பெண்களுக்குச் சொல்லப்பட்ட விலை ஆண்களுக்குச் சொன்னதைவிட அதிகமாக இருந்தது. இவ்வளவுதான் ஆகுமாமே என்று ஒரு தொகையைத் தாமே சொன்னபோது அந்த வேறுபாடு மறைந்துவிட்டது. ஆகவே அறிவு காப்பாற்றும். சரிதான். ஆனால் யோசித்துப் பாருங்கள், கிளட்ச் பற்றித் தெரியாததால்தான் கிளட்ச் தெரிந்தவரிடம் போகிறோம். தெரியாதவளாக இருப்பது என் குற்றமா? மருத்துவரிடம் போகிறவர் மருத்துவம் படித்துவிட்டா போகிறார்? என் மாணவிகளுக்கு நான் சொல்லித்தருகிற இலக்கணம் சரியா என்று அவர்களால் சோதிக்க முடியாது. முடியாததால்தான் அங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த முடியாமையின் மேல்தான் என் சம்பளம் நிற்கிறது. பிறர் பொருளையும் தம் பொருள்போலப் பேணுவதே வாணிகருக்கு வாணிகம் என்று வள்ளுவர் சொன்ன இடம் நடுவு நிலைமை அதிகாரம், பொருளீட்டும் அதிகாரம் அல்ல என்பதை முன்பெல்லாம் கவனிக்காமல் கடந்திருக்கிறேன். வாங்குபவள் விழிப்பாக இருக்க வேண்டும் என்பது நல்ல எச்சரிக்கை. அதை அறமாக்கும்போது திருடியவரை விட்டுவிட்டுப் பூட்டாதவளைத் திட்டுகிறோம்.

இரண்டாவது படி, விட்டுவிடலாமா என்பது. அம்மா அதைத்தான் சொன்னார். “போனாப் போகுது, உசுரு தப்புச்சே.” அம்மாவின் வாழ்க்கையில் இப்படிப் போனவை நிறைய. நகைக்கடையில் சேதாரம் என்று போனது, பாகப்பிரிவினையில் கையெழுத்தாகப் போனது, அப்பாவின் நண்பர் கைமாற்றாக வாங்கிப் போனது. எல்லாவற்றுக்கும் ஒரே சொல், “போனாப் போகுது.” ஊரில் அம்மாவைப் பொறுமைசாலி என்பார்கள். பொறையுடைமை பெரிய அறம்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் கேட்டால் கிடைக்கும் என்ற நிலையில் இருப்பவர் கேட்காமல் விட்டால் அதற்குப் பெயர் பொறுமை. கேட்டாலும் கிடைக்காது, கேட்டால் பெயர்தான் கெடும் என்ற நிலையில் இருப்பவர் விட்டுவிடுவதற்கும் அதே பெயரைச் சூட்டுவது ஏமாற்றுபவர்களுக்கு மிகவும் வசதி. நான் மன்னிக்க வேண்டுமென்றால்கூட முதலில் என்னால் வசூலிக்க முடிய வேண்டும்.

மூன்றாவது படியில்தான் உண்மையாகவே தடுமாறினேன். தம்பியின் பள்ளித் தோழர் ஒருவர் காவல்துறையில் இருக்கிறார். “அக்கா, ஒரே ஒரு போன். சாயங்காலத்துக்குள்ள பணம் வீட்டுக்கு வந்துடும்” என்றான் தம்பி. வரும், எனக்குச் சந்தேகமே இல்லை. ஆறு வருடங்களுக்கு முன் வீட்டுக்குத் தளம் போட்ட மேஸ்திரி முன்பணத்தோடு காணாமல் போனபோது தம்பிதான் போய்ச் சத்தம் போட்டு வாங்கி வந்தான். பணம் தம்பியின் கையில் கொடுக்கப்பட்டது. அடுத்த நாள் தெருவில் என்னைப் பார்த்த மேஸ்திரி, “தம்பி நல்ல மனுசனுங்க” என்றார். என் பணம், என் கோபம், ஆனால் நடந்தது இரண்டு ஆண்களுக்கு இடையிலான ஒரு விவகாரம். நான் அதில் ஒரு முகவரி.

அதை மட்டும் காரணமாகச் சொன்னால் நான் கொஞ்சம் பொய் சொன்னவளாவேன். இன்னொன்றும் இருந்தது. அந்தப் போன் எப்படிப் பேசப்படும் என்று எனக்குத் தெரியும். முதல் வாக்கியத்திலேயே ‘ஏண்டா’ வரும். ஷெட் வைத்திருப்பவர் எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று தம்பி ஏற்கெனவே விசாரித்து வைத்திருந்தான். அந்தத் தெருவின் பெயரைச் சொல்லும்போது அவன் குரலில் இருந்த சுளிப்பு என்னுடைய வீட்டில் நான் கேட்டு வளர்ந்த சுளிப்பு. “அவனுங்களே அப்படித்தான்” என்றான். பெண் என்பதால் என்னை ஏமாற்றியவரிடம், சாதியின் பலத்தில் பணத்தை வாங்குவது. கணக்கு நேராகிவிடும், அதில் ஐயமில்லை.

சிலப்பதிகாரத்தைப் பல ஆண்டுகளாகப் பாடம் எடுக்கிறேன். மஞ்சள் பையில் பிளேட்டோடு ஷெட்டுக்குள் நுழைந்தபோது ஒற்றைச் சிலம்பு நினைவுக்கு வந்தது என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம்தான். அவள் இழந்தது என்ன, நான் இழந்தது என்ன! ஆனாலும் ஒரு பொற்கொல்லனின் சொல்லை நம்பிய அவையில், ஒரு பெண் சொல்லால் மட்டும் வெல்ல முடியவில்லை, பொருளை உடைத்துக் காட்ட வேண்டியிருந்தது என்பது கண்ணில் படாமல் இல்லை. உள்ளே முத்தா மாணிக்கமா என்பது சாட்சியாயிற்று. சிலப்பதிகாரத்தை அங்கே முடித்துக்கொள்வது நமக்கு வழக்கம். உரைபெறு கட்டுரையில் ஒரு செய்தி இருக்கிறது, மேடைகளில் யாரும் அதைப் பேசுவதில்லை. பின்னால் கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகிக்கு ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டு விழா எடுத்தான். களவு செய்தவன் ஒருவன். பலியானவர்கள் அந்தத் தொழிலில், அந்தச் சாதியில் பிறந்த ஆயிரம் பேர். விழா எடுத்தவனோ விசாரிக்காமல் கொன்ற மன்னனின் வழி வந்தவன். ஒரு பெண்ணுக்கு நீதி செய்கிறோம் என்ற பெயரில் அரசு தன் தவற்றை ஆயிரம் கழுத்துகளில் கழுவிக்கொண்டது. அவள் அதைக் கேட்டாளா என்று காப்பியம் சொல்லவில்லை. ‘அவனுங்களே அப்படித்தான்’ என்ற சொல்லைக் கேட்ட இரவில் அந்தப் பகுதியை மீண்டும் எடுத்துப் படித்தேன். காலையில் தம்பியிடம் போன் வேண்டாம் என்றேன். அவனுக்குக் கோபம், இன்றுவரை.

அப்படியானால் சட்டம். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது, என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வாசல்தான். நாம் குடியிருக்கிற மாவட்டத்திலேயே மாவட்ட ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணமில்லை. வழக்கறிஞர் இல்லாமல் நாமே வாதாடலாம். குறை நேர்ந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகள் அவகாசம். முதலில் பேசிப் பார்க்க 1915 என்ற உதவி எண் இருக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் ஆணையம் எழுத்தைக் கேட்கும். என்னிடம் பில் இல்லை, ஜிபே பதிவு மட்டும் இருந்தது. பென்சில் தாள் அவரிடம். பழைய பிளேட்டைக் கழற்றிய பெரியவரிடம், பார்த்ததை இரண்டு வரி எழுதித்தரச் சொன்னேன். கையைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். “வாயால எங்க வேணாச் சொல்றேனுங்க. எழுத்துல வேண்டாம். நாளைக்கு அவன் மூஞ்சில முழிக்கோணும், ஸ்பேர்ஸ் கடையில ஒண்ணா நிக்கோணும்.” அவரை நொந்துகொள்ள முடியவில்லை. என் கல்லூரியில் நான் வாயால் மட்டும் சொல்லிவிட்டு எழுத்தில் தராமல் விட்டவை எத்தனை என்று எனக்குத் தெரியும்.

ஒப்பந்தச் சட்டத்தில் 170ஆம் பிரிவு ஒன்று உண்டு. உழைப்போ திறமையோ செலுத்திச் சரிசெய்த பொருளை, கூலி வரும்வரை தன்னிடமே வைத்துக்கொள்ளும் உரிமையை அது வேலை செய்தவருக்குத் தருகிறது. 1872ஆம் ஆண்டுச் சட்டம். கைத்தொழிலாளியைப் பணக்காரர் ஏமாற்றிவிடக் கூடாது என்ற அச்சம் அதற்குள் இருக்கிறது, நியாயமான அச்சம். பணத்தைக் கட்டினால்தான் சாவி கையில் வரும். ஆனால் பணத்தைக் கட்டிவிட்டுச் சாவியை வாங்கிய பிறகு நம்மிடம் பிடித்துவைக்க எதுவும் இருப்பதில்லை, தேய்ந்த ஒரு தட்டைத் தவிர.

பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்பினேன். எஞ்சின் மவுண்டையும் ஆயிலையும் கழித்து, 11,800 ரூபாயை மட்டும் கேட்டேன். பதினைந்து நாள் கெடு. வராவிட்டால் ஆணையத்துக்குப் போவேன், பிளேட்டின் படங்களும் பணம் அனுப்பிய பதிவும் என்னிடம் உள்ளன என்று எழுதினேன். முனைவர் பட்டத்துக்கு எழுதியதைவிட அதிக முறை அடித்துத் திருத்தி எழுதிய கடிதம் அது. ‘மோசடி’ என்று எழுதி, அடித்து, ‘செய்யாத பணிக்குப் பெறப்பட்ட தொகை’ என்று எழுதினேன்.

பன்னிரண்டாம் நாள் மாலை வீட்டு வாசலில் ஒரு பெண் நின்றார். முப்பத்தைந்து வயதிருக்கும், தோளில் ஒரு ரெக்ஸின் பை. ஷெட்காரரின் மனைவி. ஷெட்டுக்குப் பின்னால்தான் வீடாம், கடிதத்தைக் கையெழுத்துப் போட்டு வாங்கியதே இவர்தானாம். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. பையிலிருந்து 8,000 ரூபாயை எடுத்தார், எல்லாம் ஐநூறு ரூபாய்த் தாள்கள். “மிச்சம் பொறவு தர்றேன் மேடம். அவருகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க. கோர்ட்டு கீர்ட்டுன்னு வேண்டாம்.”

எங்கிருந்து இந்தப் பணம் என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். குழுவில் எடுத்த கடன். மாதத் தவணை அவர் பெயரில்.

பணத்தைத் தொடாமல் நின்றேன். ஏமாற்றியது அவர், என்னிடம் வாங்கிய தொகையை என்ன செய்தாரோ தெரியாது. இப்போது திருப்பித் தருவது அவர் மனைவி, வட்டிக்கு வாங்கி. இதை வாங்கினால் ஒரு பெண்ணிடமிருந்து ஓர் ஆண் எடுத்ததை இன்னொரு பெண்ணிடமிருந்து எடுக்கிறேன். வாங்காமல் விட்டால், ‘போனாப் போகுது’ என்ற அம்மாவின் சொல்லைக் கொஞ்சம் கொள்கை பூசிச் சொல்கிறேன், ஆதாயம் அவருக்கு. அவரையே வரச் சொல்லலாம், அவரே உழைத்துத் தரட்டும் என்று சொல்லலாம். சொன்னால் அன்று இரவு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது எனக்குத் தெரியாது, இவருக்குத் தெரியும். ‘அவருகிட்ட ஒண்ணும் கேக்காதீங்க’ என்று அவர் சொன்ன விதத்தில் அது இருந்தது. சம்பளம் வாங்குகிற, சட்டப் பிரிவுகளைத் தேடிப் படிக்கத் தெரிந்த, பதிவுத் தபால் அனுப்பத் தெரிந்த என்னுடைய உரிமைப் போராட்டம், ஷெட்டின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் இருந்த இவரிடம் போய் முட்டியிருக்கிறது. கடிதத்தை அனுப்பியபோது நான் இந்த வீட்டை நினைக்கவே இல்லை. நினைத்திருந்தால் அனுப்பாமல் இருந்திருப்பேனா? இருந்திருக்க மாட்டேன் என்றுதான் தோன்றுகிறது. அதற்காகச் சங்கடம் இல்லாமலும் இல்லை.

“நீங்க ஏன் கட்டணும்?” என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், படித்தவர்கள் கேட்கிற கேள்வி என்பது இருந்தது. “பின்ன யாரு கட்டுவாங்க?” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “நீங்க ஒருத்தருதான் எழுதிக் கேட்டீங்க. மத்தவங்க வந்து கத்திட்டுப் போயிடுவாங்க” என்றார். மற்றவர்கள். ஆக நான் முதல் ஆள் இல்லை.

பணத்தை வாங்கிக்கொண்டேன். சரியா என்று இன்றுவரை உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. திருப்பிக் கொடுத்திருந்தால் என்னை நானே நல்லவளாக நினைத்துக்கொள்ள ஒரு காரணம் கிடைத்திருக்கும். அந்தக் காரணத்துக்கு யார் செலவு செய்வது என்ற கேள்வியும் கூடவே வந்திருக்கும். அவர் வந்தது இரக்கம் கேட்டு இல்லை. ஒரு கணக்கை முடிக்க வந்திருந்தார்.

வாங்கியதும், “ரசீது எழுதிக் குடுங்க” என்றார்.

இந்த விவகாரம் முழுவதிலும் எழுத்தில் வேண்டும் என்று கேட்ட இரண்டாவது ஆள் அவர்தான். மேசையிலிருந்து ஒரு தாளை எடுத்து, “திரு.” என்று தொடங்கி ஷெட்காரரின் பெயரை எழுதப் போனேன். “அவரு பேரு வேண்டாம். எம் பேரு எழுதுங்க. நான் குடுத்தேன்னு எழுதுங்க” என்றார். எழுதினேன். எதற்காக என்ற இடத்தில் பேனா நின்றது. ‘கணவர் செய்யாத வேலைக்கு’ என்று எழுதினால் அவர் கையிலேயே ஒரு குற்றப்பத்திரிகையைக் கொடுத்தது போலாகும். ‘கடன்’ என்று எழுதினால் பொய். தமிழில் இத்தனை சொற்கள் இருக்கின்றன, இருபது வருடமாக அவற்றோடுதான் பிழைக்கிறேன். அவரே குனிந்து பார்த்து, “மாத்தாத கிளட்சுக்குன்னு எழுதுங்க மேடம். அதான நெசம்” என்றார்.

அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன். ஒருமுறை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, குழு நோட்டுக்குள் வைத்து மடித்து, பையை மூடிக்கொண்டு போனார். தேநீர் வேண்டாம் என்றுவிட்டார்.

மீதி 3,800 ரூபாய் இன்னும் வரவில்லை. புகார் கொடுக்க அடுத்த ஆண்டு ஆகஸ்ட் வரை காலம் இருக்கிறது. பிளேட் அதே மஞ்சள் பையில், என் புத்தக அலமாரியின் கீழ்த்தட்டில் கிடக்கிறது.